‘டைரக்ட்’ கொடுப்பது ரிப்பேர் அல்ல



நம் ஊரில் மின்சார சாமான் எது கெட்டாலும் மருந்து ஒன்றுதான். மொட்டைமாடித் தொட்டியின் தானியங்கி சுவிட்ச் மக்கர் பண்ணுகிறதா? “டைரக்ட் குடுத்துடலாம் சார்.” கீசர் சீக்கிரமே நின்றுவிடுகிறதா? “தெர்மோஸ்டாட் போயிருக்கும், டைரக்ட் குடுத்துடலாம் சார்.” மழைக்காலத்தில் ஈ.எல்.சி.பி. அடிக்கடி விழுகிறதா? “அது ஒரு தொல்ல சார், எடுத்துட்டு டைரக்ட் குடுத்துடலாம்.”

டைரக்ட் என்றால் என்ன? காவலுக்கு வைத்த பாகத்தைக் கழற்றிவிட்டு, அதற்கு வந்த இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி, மேலே டேப் சுற்றுவது. சாமான் உடனே ஓடும். வந்தவர் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்காரருக்கும் திருப்தி. பழுது எங்கே இருந்தது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதை ரிப்பேர் என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். சில பேருக்குக் கோபம் வரலாம். வரட்டும். சென்ற மாதம் ஒரு ஈயம் உருக்கும் கரண்ட் சட்டியை வைத்துக்கொண்டு நடந்த விவாதத்துக்குப் பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சட்டி சூடாகவில்லை

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு மீனவர் குடியிருப்பு. அங்கே ஒரு தம்பி வலைகளுக்கு ஈயக்குண்டு வார்த்துக் கொடுக்கிறான். வீச்சு வலை விரிந்து விழுந்ததும் அதன் ஓரத்தைத் தரைக்கு இழுத்துப் போவது இந்தக் குண்டுகள்தான். அவனுடைய அப்பா கடற்கரை மணலில் விறகு மூட்டி இரும்புச் சட்டியில் உருக்கியவர். மகன் ஆன்லைனில் ஒரு கரண்ட் சட்டி வாங்கியிருக்கிறான். 230 வோல்ட், 500 வாட், ஐந்து கிலோ கொள்ளளவு. பக்கத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, ஒரு சிவப்பு விளக்கு.

நான்கு மாதம் ஒழுங்காக ஓடிய சட்டி திடீரென்று சண்டித்தனம் செய்தது. விளக்கு எரியும், ஐந்தாறு நிமிஷத்தில் அணைந்துவிடும். ஈயம் ஓரத்தில் கொஞ்சம் இளகிக் கூழாக நிற்குமே தவிர, ஊற்றுகிற பதத்துக்கு வராது. திருகைக் கடைசிவரை திருப்பினாலும் அதே கதை.

மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள். வாங்கிய இடத்தில், “வாரண்டி முடிஞ்சிடுச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்றார்கள். அவனுடைய மாமா, “தூக்கிப் போட்டுட்டு விறகுக்கே வா” என்றார். எலக்ட்ரீஷியன் சட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “தெர்மோஸ்டாட் போச்சு. டைரக்ட் குடுத்துடறேன். சூடு எப்படி ஏறுது பாரு” என்றார்.

அந்தத் தம்பி என்னிடம் வந்தது, என் வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது என்று யாரோ சொன்னதால். நான் எலக்ட்ரீஷியன் அல்ல. 36 வருஷம் அரசாங்க அலுவலகத்தில் பைல் பார்த்தவன். அதில் ஒன்பது வருஷம் ஸ்டோர்ஸ் பிரிவு. உடைந்த நாற்காலியிலிருந்து ஓடாத பம்பு வரை ‘கண்டம்’ செய்வதற்கான குறிப்பு என் மேஜைக்குத்தான் வரும். “பழுது பார்க்க இயலாதது” என்று எழுதியிருக்கும். என்ன பழுது என்று நூற்றில் ஐந்து குறிப்பில்கூட இருக்காது. நான் திருப்பி அனுப்புவேன். “இந்த ஆள் ஒரு இடைஞ்சல்” என்று பெயர் வாங்கியது அப்படித்தான். அந்தப் பெயரை இன்றைக்கும் நான் குறைவாக நினைக்கவில்லை.

ப்ளோம்

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை நினைவிருக்கும். வீட்டில் பியூஸ் போய்விட்டால் பிரெஞ்சுக்காரர்கள் ‘லே ப்ளோம்’ போய்விட்டது என்பார்கள். ப்ளோம் என்றால் காரீயம். அந்தக் காலத்து பியூஸில் ஈயக் கம்பியைப் போட்டதால் வந்த பெயர். காரீயம் 327 டிகிரியில் உருகும், செம்புக்கு 1085 டிகிரி வேண்டும். கரண்ட் அளவுக்கு மீறினால் சுவருக்குள் இருக்கும் செப்புக் கம்பி சூடேறி வீட்டைக் கொளுத்துவதற்குள், பியூஸில் இருக்கும் ஈயம் முதலில் உருகித் தொடர்பை அறுத்துவிடும். சாவது அதன் வேலை. பியூஸ் போனால் ‘கெட்டுப்போச்சு’ என்கிறோமே, உண்மையில் அது வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடிமனான செப்புக் கம்பியைப் போட்டார்கள். கட்டுக்கம்பி போட்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன். டைரக்ட் வைத்தியத்தின் முதல் தலைமுறை அதுதான். இப்போது நடப்பது அதன் பேரப்பிள்ளை.

வரிசையாகப் பார்ப்பது

பிரெஞ்சுப் பள்ளியில் கடைசி வகுப்பில் தத்துவம் கட்டாயப் பாடம். தேகார்த் 1637-ல் எழுதிய சிறு நூலில் நான்கு விதிகள் உண்டு. தெளிவாகத் தெரியாததை உண்மையென்று ஏற்காதே. சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி. எளியதில் தொடங்கிக் கடினமானதற்குப் போ. கடைசியில் எதையும் விட்டுவிடவில்லையே என்று கணக்கெடு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இதனால் என்ன பயன் என்று எங்களுக்குத் தோன்றியதுண்டு. ஈயச் சட்டி பழுதுபார்க்க இதைவிட நல்ல கையேடு எனக்குத் தெரியாது.

சூடாகாத சட்டிக்குப் பழுது ஐந்து இடங்களில் இருக்கலாம்.

முதலாவது, வருகிற கரண்ட். பிளக் பாயிண்டில் 225 வோல்ட் காட்டினால் போதாது. சட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எங்காவது இணைப்பு தளர்ந்திருந்தால், சுமை இல்லாதபோது எல்லாம் யோக்கியமாகத் தெரியும். சுமை ஏறியதும் வோல்டேஜ் சரியும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் சூடும் கொஞ்சம்தான் குறையும் என்று நினைக்காதீர்கள். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் வாட் மாறும். 230-க்குப் பதில் 180 வந்தால் 500 வாட் சட்டி ஏறக்குறைய 305 வாட் சட்டியாகிவிடும்.

இங்கே ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. ஐந்து கிலோ காரீயத்தை நம் ஊர் வெயிலின் 30 டிகிரியிலிருந்து உருக்க ஏறத்தாழ 300 கிலோஜூல் வேண்டும். வெப்பம் எதுவும் வீணாகாவிட்டால் 500 வாட்டுக்கு அது பத்து நிமிஷ வேலை. ஆனால் சட்டியின் வாயும் பக்கங்களும் வெப்பத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும், சூடு ஏற ஏற அந்தச் செலவும் ஏறும். ஆகவே இருமடங்கு நேரமாவது ஆகும். வரவு 305-க்கு இறங்கிவிட்டால், வரவும் செலவும் ஒரு கட்டத்தில் சமமாகி, உருகுநிலைக்கு முன்பே சூடு நின்றுவிடவும் கூடும். கடற்காற்று நேராகச் சட்டியில் அடித்தாலும் இதே கதிதான். காற்றுக்கு ஒரு தகரத் தடுப்பு வைத்தாலே சில சட்டிகள் ‘ரிப்பேர்’ ஆகிவிடும்.

இரண்டாவது, காயில். பிளக்கைப் பிடுங்கி, சட்டி ஆறிய பிறகு மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். 230 வோல்ட், 500 வாட் என்றால் சுமார் 106 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. இரண்டு காயில் சேர்ந்து வேலை செய்யும் சட்டியில் 210 ஓம் காட்டினால் ஒன்று போய்விட்டது, பாதிச் சூடுதான் வரும். காயிலுக்கும் வெளிச்சட்டிக்கும் நடுவிலும் பார்க்க வேண்டும். குழாய்க்குள் அடைத்த காயிலைச் சுற்றி மக்னீசியம் ஆக்ஸைடு பொடி இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் சில வாரம் சும்மா கிடந்தால் கசிவு வந்து ஈ.எல்.சி.பி. விழும். காயிலைக் காய வைக்க வேண்டும், சரியாகாவிட்டால் மாற்ற வேண்டும். எர்த் ஒயரை வெட்டிவிடுவது வைத்தியமல்ல, கொலைக்கு ஏற்பாடு.

மூன்றாவது, இணைப்புகள். கடலோர ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். திருகு தளர்ந்து, முனை கருத்து, பச்சை பூத்திருக்கும். அங்கே தடை கூடும், சூடு ஈயத்துக்குப் போகாமல் அந்த முனையிலேயே உட்காரும். சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்கினால் சரியாகும். காயில் அருகே சாதாரண பிளாஸ்டிக் ஒயர் போடக் கூடாது. கண்ணாடி நூல் உறை போட்ட ஒயர்தான் தாங்கும்.

நான்காவது, தெர்மோஸ்டாட். அதற்குக் கீழே வருகிறேன்.

ஐந்தாவது, ஈயமே. பல பேர் இங்கே பார்ப்பதே இல்லை. ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு உலோகத்தை அடக்கிவிடுகிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். பிரெஞ்சில் அது ‘எத்தேன்’, வேறு சொல். வலைக்குண்டு காரீயம், 327 டிகிரி வேண்டும். இரண்டையும் கலந்து செய்த பற்றவைக்கும் ஈயம் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். அச்சகத்து லைனோடைப் உலோகம் சுமார் 240. பற்றவைக்கும் ஈயம் பளிச்சென்று உருகுகிற சூட்டில் காரீயம் கல்லாக நின்றால் அது சட்டியின் குற்றம் அல்ல.

துத்தநாகம் கலந்துவிட்டால் இன்னும் மோசம். அது உருக 419 டிகிரி வேண்டும். காயலான் கடையில் கார் சக்கர எடைக்கட்டி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அவற்றில் சில இப்போது துத்தநாகத்தில் வருகின்றன. ஒன்றிரண்டு உள்ளே போனாலும் உருகிய ஈயம் கேழ்வரகுக் கூழ் மாதிரி நிற்கும். ‘சூடு பத்தல’ என்று திருகைத் திருப்பிக்கொண்டே போவார்கள்.

பெரிய கட்டியாகப் போட்டாலும் சட்டியை ஓரிரு இடத்தில்தான் தொடும், சூடு ஏறாது. சிறு துண்டாகப் போட வேண்டும். வேலை முடிந்ததும் அடியில் கொஞ்சம் ஈயத்தை விட்டுவைத்தால், அடுத்த முறை அது முதலில் உருகி மற்றதற்குச் சூட்டைக் கடத்தும்.

கிடைத்த பழுது

இந்த வரிசைப்படி நானும் அந்தத் தம்பியும் உட்கார்ந்தோம். ஓடும்போது வோல்டேஜ் 224. காயில் 107 ஓம். வெளிச்சட்டிக்குக் கசிவு இல்லை. முனைகள் சுத்தம். ஈயம் அவன் வழக்கமாக வாங்குவது, முன்பு நன்றாக உருகியது. மிச்சம் தெர்மோஸ்டாட்.

“பாத்தீங்களா சார், அவரு சொன்னது சரிதான்” என்றான் பையன்.

“இன்னும் திறக்கவே இல்லையே தம்பி” என்றேன்.

இந்த வகை தெர்மோஸ்டாட்டில் ஒரு மெல்லிய உலோகக் குழாயின் நுனியில் பென்சில் போல ஒரு குமிழ் இருக்கும். அது சட்டியின் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து சுவிட்சைத் தள்ளும். அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தால், குமிழைப் பிடித்திருந்த தகரக் கிளிப் துருப்பிடித்து முறிந்திருந்தது. குமிழ் நழுவிப்போய்க் காயில் மேல் சாய்ந்திருந்தது. காயில் சூடானதும் குமிழ் சூடாகிவிடும், ‘போதும்’ என்று சுவிட்ச் அணைந்துவிடும். ஈயம் பாதியில் நிற்கும்.

தெர்மோஸ்டாட் கெடவே இல்லை. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். கீழே இருக்கும் பிரிவு தவறான குறிப்பு வைத்தால், மேலே இருப்பவர் தவறான உத்தரவுதான் போடுவார். அதற்காக அதிகாரி பதவியையே ஒழித்துவிடுவதா?

ஒரு எவர்சில்வர் கிளிப், இரண்டு திருகு. குமிழைச் சுவரோடு சேர்த்து இறுக்கினோம். மொத்தம் முக்கால் மணி நேரம். செலவு ஒரு டீ காசுக்குள். இருபத்தைந்து நிமிஷத்தில் ஈயம் கண்ணாடி போல உருகி நின்றது. குச்சி வடிவ வெப்பமானியை உள்ளே விட்டுத் திருகின் அளவையும் சரிபார்த்தோம். துப்பாக்கி மாதிரி தூரத்திலிருந்து காட்டும் வெப்பமானி இதற்கு ஆகாது. பளபளக்கும் ஈயத்தின் மேல் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பித் திருகைக் கூட்டினால் ஆபத்து.

டைரக்ட் கொடுத்திருந்தால்?

அன்றைக்கே சட்டி சூடாகியிருக்கும். எலக்ட்ரீஷியன் பேர் வாங்கியிருப்பார். ஆனால் அந்தச் சூட்டுக்கு மேல்வரம்பு கிடையாது. காரீயத்தை வார்க்க 350, 400 டிகிரி போதும். 500 டிகிரியைத் தாண்டினால் ஈயப்புகை கணிசமாக எழும்ப ஆரம்பிக்கும். பையன் ஒரு போன் பேச எழுந்து போகிற நேரத்தில் சட்டி அதற்கு மேலும் போகலாம். அந்தப் புகைக்கு வாசனை கிடையாது, எச்சரிக்கை கிடையாது.

அவன் வார்ப்பது வீட்டுப் பின்கட்டில். அதே தரையில் அவன் அக்காவின் குழந்தைகள் இரண்டும் தவழ்ந்து விளையாடுகின்றன. பெரியதற்கு மூன்று வயது. சின்னது கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் பருவம். இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் அந்த இரண்டு பேர்.

ஈய நஞ்சுக்குப் பிரெஞ்சில் ‘சத்துர்னிஸ்ம்’ என்று பெயர். பழைய ரசவாதிகள் காரீயத்துக்குச் சனி கிரகத்தை அடையாளமாக வைத்ததால் வந்த சொல். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. தாங்கெரல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1839-லேயே ஈயத் தொழிலாளிகளின் வயிற்றுவலி, மலச்சிக்கல், கை தொங்கிப்போவது எல்லாவற்றையும் பெரிய நூலாக எழுதிவைத்தார். பிரான்ஸ் 1919-ல் தொழில்நோய்களுக்குச் சட்டம் போட்டபோது பட்டியலில் முதல் எண் கொடுத்தது இதற்குத்தான். நம் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பாருங்கள். அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில் முதல் வரி ஈய நஞ்சாகத்தான் இருந்தது. குழந்தைகளுக்கு இது மூளை வளர்ச்சியையே தின்னும். இரத்தத்தில் இவ்வளவுவரை இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தொழிற்சாலைக்கு இன்ஸ்பெக்டர் உண்டு. வீட்டுப் பின்கட்டுக்கு யார் வருவார்கள்? அந்தச் சட்டியில் இருக்கிற தெர்மோஸ்டாட்தான் அங்கே இருக்கும் ஒரே இன்ஸ்பெக்டர். டைரக்ட் கொடுப்பது என்றால் அவரை வேலையிலிருந்து நீக்குவது.

தெர்மோஸ்டாட் சரியாக இருந்தாலும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே படியும் சாம்பல் போன்ற கசடு எந்தச் சூட்டிலும் விஷத்தூள்தான். அதை மூடி போட்ட டப்பாவில் எடுக்க வேண்டும், விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கை கழுவாமல், சட்டை மாற்றாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது. பழைய பேட்டரி ஈயம் வேண்டவே வேண்டாம். கடலிலிருந்து வந்த பழைய குண்டுகளை நன்றாகக் காய வைக்காமல் உருகிய ஈயத்தில் போடவே கூடாது. இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். அந்தப் பையன் இப்போது சட்டியை வீட்டைவிட்டு வெளியே, தோப்பு ஓரக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டான். காற்றை முதுகுப்பக்கம் வாங்கி நின்று ஊற்றுகிறான். குழந்தைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறேன். அவனுடைய அம்மா, “செஞ்சிடறோம் ஐயா” என்றிருக்கிறார். விடமாட்டேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

வழக்கமான பதில்கள்

இதையெல்லாம் சொன்னால் மூன்று பதில் வரும்.

“எங்க தாத்தா காலத்துலேருந்து விறகுல உருக்கறோம், என்ன ஆயிடுச்சு?” என்பது முதலாவது. என்ன ஆயிற்று என்று யார் பரிசோதித்தார்கள்? தீராத வயிற்றுவலியும், படிப்பு ஏறாத பிள்ளையும் எல்லா வீட்டிலும் உண்டு. காரணம் தேடாத இடத்தில் காரணம் கிடைக்காது. மேலும் தாத்தா திறந்த கடற்கரையில் உருக்கினார். நீங்கள் பின்கட்டில் உருக்குகிறீர்கள்.

“இதுக்கெல்லாம் ஸ்பேர் கிடைக்காது சார்” என்பது இரண்டாவது. குழாய்க் குமிழ் வைத்த தெர்மோஸ்டாட் புதிய பொருள் அல்ல. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ரொட்டி அடுப்புக்கு உரியது பெரும்பாலும் 300 டிகிரியோடு நின்றுவிடும். அதைக் கொண்டுவந்து மாட்டினால் காரீயம் ஜென்மத்துக்கும் உருகாது. அப்போதும் பழி சட்டிக்குத்தான் வரும், பிறகு மறுபடி டைரக்ட். 500 டிகிரி வரை போகிற வகையும் கடையில் உண்டு. கேட்டால்தானே கிடைக்கும்?

“ஒரு சாமானுக்கு முக்கால் மணி நேரம் செலவழிச்சா எங்க பொழப்பு என்னாவறது?” என்பது மூன்றாவது. இதில் நியாயம் இருக்கிறது. அதற்கு எலக்ட்ரீஷியனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாமும் பங்காளிகள். ‘என்ன பழுது’ என்று கேட்காமல் ‘எவ்வளவு ஆகும், எப்போ ஓடும்’ என்று மட்டும் கேட்கிறோம். பழுதைக் கண்டுபிடிக்கிறவருக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்க மனசு வராது. டைரக்ட் கொடுக்கிறவருக்குக் கொடுத்துவிடுகிறோம். பிறகு அவர் எதைக் கற்றுக்கொள்வார்?

தயாரிப்பாளர்களையும் விட முடியாது. அந்தச் சட்டியின் அடித்தட்டில் நான்கு மூலையில் இரண்டைத் திருகாமல் அறைந்துவைத்திருந்தார்கள். திறக்கக் கூடாது என்பதுதான் எண்ணம். ஒயரிங் படம் கிடையாது. எச்சரிக்கை ஒரு சீட்டில் பொடி எழுத்தில், தமிழில் ஒரு வரி இல்லை. நம் வீட்டு வால்வு ரேடியோவின் பின்பலகையைத் திறந்தால் உள்ளே வால்வுகளின் படம் ஒட்டியிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? விற்றவன் வாங்கியவனை மதித்த காலம் அது. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம், புல்வெட்டி ஆகியவற்றை விற்கும்போது பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டமே வந்தது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் இணையதளம் சட்டமாகாது. சூடாகும் சாமான் எதுவானாலும் உள்ளே ஒயரிங் படமும், காயிலின் ஓம் அளவும், ‘இந்தப் பாகத்தை நேரடியாக இணைக்காதீர்’ என்று தமிழில் ஒரு எச்சரிக்கையும் ஒட்டாமல் விற்கக் கூடாது என்று விதி வர வேண்டும். ஒரு சீட்டு அச்சடிக்க எத்தனை பைசா ஆகும்?

விதி வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த வாரமே உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கீசர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், மெயின் போர்டு. எத்தனை இடத்தில் டேப் சுற்றிய முடிச்சு இருக்கிறது, எது எப்போது ‘டைரக்ட்’ ஆனது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவதற்குள் ஒவ்வொன்றாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். வருகிற எலக்ட்ரீஷியன் “டைரக்ட் குடுத்துடலாம் சார்” என்றால், “முதல்ல பழுது எங்கன்னு காட்டுப்பா, அதுக்குத் தனியா காசு தர்றேன்” என்று சொல்லுங்கள். இடைஞ்சல் பிடித்த கிழவர் என்று பெயர் வரும். எனக்கு வந்து பல வருஷமாகிறது. உடம்புக்கு ஒன்றும் செய்வதில்லை.